கார் ஏசி ப்ளோயர் ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன்பு, அக்னி நட்சத்திரம் முடியாத ஒரு மே மாதத்தில் என் காரின் ஏசி ப்ளோயர் நின்றுபோனது. பின் சீட்டில் அப்பா. தாம்பரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அந்த வாரம் கம்பெனி சர்வீஸில் வாங்கிய எஸ்டிமேட்டும், பிறகு போரூர் பக்கம் ஒரு சின்ன ஏசி கடையில் நான் கொடுத்த பணமும் எங்கள் குடியிருப்பில் பேச்சாகிவிட்டது. அன்றிலிருந்து யார் வீட்டுக் காரில் ஏசி படுத்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. அந்தக் கடை அண்ணனிடம் கேட்டுக் கேட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, இதுவரை பத்துப் பன்னிரண்டு கார்களின் கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஏசி போட்டா காத்தே வரல. கேஸ் தீந்துடுச்சா?

இல்லை. கேஸ் குறைந்தால் காற்று வரும், குளிர்ச்சி மட்டும் இருக்காது. போட்டதிலிருந்தே காற்று வரவில்லை என்றால் அதைத் தள்ளும் ப்ளோயர் பக்கம்தான் கோளாறு. ஏசி பட்டனை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் காற்று இல்லையென்றால் கேஸைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

இன்னொன்று. பெட்ரோல் மாதிரி ஓட ஓடச் செலவாகும் பொருள் இல்லை கேஸ். மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். காற்று வராத காருக்கு, பார்க்காமலே "கேஸ் டாப்-அப் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ப்ளோயர்னா எது? முன்னாடி ரேடியேட்டர்கிட்ட சுத்துதே, அதுவா?

அது வேறு. ஏசிக்காக ஓடும் ஃபேன் காரில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று டேஷ்போர்டுக்குள், பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ப்ளோயர். அணில் சுற்றும் கூண்டு மாதிரி உருளையாக இருக்கும். கூலிங் காயில் வழியாகக் காற்றைத் தள்ளி உங்கள் முகத்துக்கு அனுப்புவது இதுதான். மற்றொன்று பானெட்டுக்குள், கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சர் ஃபேன். கேஸ் சுமந்துவந்த சூட்டை வெளியே தள்ளுவது இதன் வேலை. பல சின்னக் கார்களில் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் சேர்த்து ஒரே ஃபேன்தான்.

சர்வீஸ் சென்டரில் "ஏசி ஃபேன் போச்சு" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். உள்ளே காற்று வரவில்லையா, காற்று வந்தும் குளிரவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். வண்டியை விடும்போது குறைகளைக் குறித்துக்கொள்ளும் தாளான ஜாப் கார்டிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

ஃபேன நாலுல வெச்சா மட்டும் ஓடுது. ஒண்ணு ரெண்டு மூணுல ஓடல. மோட்டார் வீக்கா?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். என் காரிலும் இதேதான் நடந்தது. நாலில் முழு வேகத்தில் ஓடுகிற மோட்டார் நல்ல மோட்டார். பழுது பெரும்பாலும் ப்ளோயர் ரெசிஸ்டரில் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பாகம் அது.

அது வேலை செய்யும் விதம் எளிது. ரெசிஸ்டரில் கம்பிச் சுருள்கள் வரிசையாக இருக்கும். ஒன்றாம் எண்ணில் வைத்தால் மின்சாரம் எல்லாச் சுருள்களையும் கடந்து களைத்துப்போய் மோட்டாருக்கு வரும், மோட்டார் மெதுவாகச் சுற்றும். இரண்டு, மூன்று என்று ஏற்ற ஏற்றக் கடக்க வேண்டிய சுருள் குறையும். நாலில் ரெசிஸ்டரையே தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். சுருளோடு ஒரு சின்ன வெப்ப ஃபியூஸும் வைத்திருப்பார்கள். அளவுக்கு மீறிச் சூடானால் அது அறுந்துவிடும். அறுந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும், நாலு மட்டும் ஓடும்.

போரூர் அண்ணன் என் காரின் ரெசிஸ்டரைக் கழற்றி என் கையில் வைத்தார். சுருள் மேல் பஞ்சு மாதிரி தூசி ஒட்டிக் கருகியிருந்தது. ஒரு ஈயப்பற்று விட்டுப்போய், வெப்ப ஃபியூஸின் கால் ஒன்று மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. "இது போதும்மா, மோட்டாரை ஏன் தொடணும்?" என்றார். கிளவ் பாக்ஸ் இறக்கி, இரண்டு திருகு கழற்றி, வயர் வந்து சேரும் கப்ளரைப் பிடுங்கிப் புதியதை மாட்டி முடிக்க 25 நிமிடம்கூட ஆகவில்லை.

மற்ற வேகமெல்லாம் ஓடி, நடுவில் ஒரு வேகம் மட்டும் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டரில் அந்த வேகத்துக்கான இணைப்பு அல்லது டேஷ்போர்டில் திருப்பும் சுவிட்ச். இரண்டையும் சோதித்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

நாலுல ஓடுதே, அப்படியே ஓட்டிட்டா என்ன?

கொஞ்ச நாள் ஓட்டலாம், உடனே எதுவும் ஆகிவிடாது. ஆனால் ரெசிஸ்டர் ஏன் கருகியது என்பதை யோசிக்க வேண்டும். அதைக் காற்றோட்டத்தின் நடுவில் வைத்திருப்பதே ப்ளோயர் தள்ளும் காற்றில் அது ஆற வேண்டும் என்பதற்காக. ஏசி ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தால் சூடு ஆறாது. மோட்டார் தேய்ந்து இறுகியிருந்தால் அதிக ஆம்பியர் இழுக்கும், அப்போதும் சூடாகும். மோட்டார் அப்படி இழுக்கிறது என்றால், நாலிலேயே ஓட்ட ஓட்டக் கப்ளரும் வயரும் உருகத் தொடங்கும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் ஃபேனை உடனே அணைத்துவிடுங்கள்.

ப்ளோயர் முழுசாகவே நின்றுவிட்டால் தள்ளிப்போடாதீர்கள், மழைக்காலத்தில் அறவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி உள்ளே பனி படர்ந்தால் அதை விரட்ட ப்ளோயர் காற்று வேண்டும். துணியால் துடைத்துக்கொண்டே சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டும் அவஸ்தை எதிரிக்கும் வேண்டாம்.

எதுலயுமே ஓடல. சுத்தமா செத்துப்போச்சு. இப்பவாவது மோட்டார்தானே?

இருக்கலாம், ஆனால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அது. முதலில் ஃபியூஸ். பல கார்களில் ப்ளோயருக்கு 30 ஆம்பியர் அளவில் தனி ஃபியூஸ் இருக்கும். எது என்று ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ மேனுவலிலோ போட்டிருக்கும். அடுத்து, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே. அதே மாதிரி எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கடுத்து மோட்டாருக்குப் போகும் கப்ளர். பச்சை பிடித்திருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் சரியென்றால், ஃபேனை நாலில் வைத்து மோட்டார் கப்ளரில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் மோட்டாரை மாற்றினாலும் ஓடாது. வயர், சுவிட்ச், எர்த் பக்கம் தேட வேண்டும்.

பழைய ஆட்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஃபேனைப் போட்டுவிட்டு, கிளவ் பாக்ஸுக்குக் கீழே கைவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டுவார்கள். தட்டியதும் ஓடத் தொடங்கினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்படி ஓடுவது சில நாளைக்குத்தான். மோட்டாருக்கான பணத்தை எடுத்து வையுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகுது. கொஞ்சம் பெருசா போட்டா நிக்கும்னு தெரு மெக்கானிக் சொல்றாரு. போடலாமா?

போடவே போடாதீர்கள். 30 இருந்த இடத்தில் 40 போட்டால் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும். அந்த வயர் போவது டேஷ்போர்டுக்குள், உங்கள் முழங்காலுக்கு முன்னால். ஃபியூஸ் போவதற்குக் காரணம் மோட்டார் இறுகியிருப்பது, அல்லது எங்கோ வயர் உரசித் தோல் உரிந்திருப்பது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஃபேன் போட்டா டேஷ்போர்டுக்குள்ள கடகடன்னு சத்தம். மோட்டார் மாத்தணும்னு சொல்றாங்களே?

முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் வெளிக்காற்று உள்ளே வரும் வழி இருக்கிறது. வேப்பமரத்தடியில், புங்கமரத்தடியில் நிறுத்தும் கார்களில் இலைக் காம்பும் பூவும் அதன் வழியாக உள்ளே போகும். ஃபில்டர் சரியாக மாட்டாமலோ மாட்டவே மாட்டாமலோ இருந்தால், அது ப்ளோயர் கூண்டுக்குள் விழுந்து சுற்றும். கடகட, படபட என்ற சத்தம் பெரும்பாலும் அதுதான். எடுத்துப் போட்டால் நின்றுவிடும், செலவே கிடையாது. கீச்சென்று இழுத்தாற்போல் வரும் சத்தம் வேறு. அது மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்த சத்தம். முதலில் காலையில் மட்டும் கேட்கும், பிறகு நாள் முழுக்கக் கேட்கும்.

எலியையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் எதிர் வீட்டு அக்கா காரில் ஃபில்டரை உருவியபோது, கூடவே ஒரு கைப்பிடி தேங்காய் நார், பிய்த்த பஞ்சு, பிஸ்கட் கவர் எல்லாம் சரிந்து விழுந்தன. ஃபில்டரின் நடுவில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை. மோட்டார் நல்லாத்தான் இருந்தது. அதற்குப் போகும் வயரைத்தான் எலி கடித்திருந்தது. எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

காத்து நல்லா வருது. ஆனா சிக்னல்ல நின்னா சூடா வருது, வண்டி ஓடினா குளுருது. ப்ளோயர்தானே?

ப்ளோயர் இல்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும். அது ஓடாவிட்டால் கேஸின் அழுத்தம் ஏறி, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரே பாதுகாப்புக்காக நின்றுவிடும்.

ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, தள்ளி நின்று பாருங்கள். சில கார்களில் ஃபேன் உடனே ஓடாது, அழுத்தம் ஏறிய பிறகுதான் ஓடும், ஐந்து நிமிடம் பொறுங்கள். கையையும் துப்பட்டாவையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போதுகூட அந்த ஃபேன் திடீரென்று சுற்றலாம். ஓடவில்லை என்றால் தள்ளிப்போடாமல் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் பல கார்களில் அதே ஃபேன்தான் எஞ்சினையும் ஆற்றுகிறது.

முதல் அரை மணி நேரம் சூப்பரா வருது. அப்புறம் காத்து குறைஞ்சு குறைஞ்சு நின்னுடுது. வண்டிய நிறுத்திட்டு எடுத்தா மறுபடி வருது. என்ன மாயம்?

கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டுகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அந்த ஈரம் பனிக்கட்டியாக உறைந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். உற்றுக் கேளுங்கள், ப்ளோயர் ஓடும் சத்தம் குறைந்திருக்காது. கார் நின்றதும் ஐஸ் உருகி, அடியில் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் சொட்டும்.

காரணம் அடைத்த ஃபில்டராகவோ, குறைந்த கேஸாகவோ, காயிலின் குளிரை அளக்கும் சென்சாராகவோ இருக்கும். இதற்கு ப்ளோயரை மாற்றி 9,000 ரூபாய் கொடுத்தும் பிரச்சினை தீராமல் என்னிடம் வந்தவர் ஒருவர் இருக்கிறார். 350 ரூபாய் ஃபில்டரில் முடிந்தது.

என் கார்ல ஆட்டோமேட்டிக் ஏசி. அதுலயும் ரெசிஸ்டர்தானா?

பெரும்பாலும் இல்லை. டிகிரி வைத்தால் தானே வேகம் கூட்டிக் குறைக்கும் கார்களில் ரெசிஸ்டருக்குப் பதிலாக மின்னணு கன்ட்ரோல் மாட்யூல் இருக்கும். அது போனால் நாலு மட்டும் ஓடும் கதை கிடையாது. ஒன்று, சுத்தமாக ஓடாது. இல்லையென்றால் சாவியை எடுத்த பிறகும் நிற்காமல் ஓடி பேட்டரியைக் காலி செய்யும். ரெசிஸ்டரைவிட விலை அதிகம். இந்த வகைக் காரில் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுவதே சரி. ஸ்கேனர் இல்லாத கடையில் வேண்டாம்.

ஷோரூம்ல பத்தாயிரத்துக்கு மேல சொல்றாங்க. நியாயமா?

எந்தப் பாகத்துக்கு என்று தெரியாமல் சொல்ல முடியாது. என் எஸ்டிமேட்டை அப்படியே தருகிறேன். ப்ளோயர் அசெம்பிளி 6,480. லேபர் 1,800, வரியோடு 2,124. "ஏசி கிளீனிங்" 1,500, வரியோடு 1,770. மொத்தம் 10,374 ரூபாய். நாலில் ஓடுகிறது என்று நான் சொல்லியும், கிளவ் பாக்ஸைத் திறக்காமலேயே போட்ட எஸ்டிமேட் அது. போரூர் கடையில் ரெசிஸ்டர் 720, கூலி 400. ஃபில்டர் தனியாக 350. மொத்தம் 1,470.

இதனால் எல்லா ஷோரூமும் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. அங்கே கழற்றிப் பழுது பார்ப்பதைவிடப் பாகத்தை மொத்தமாக மாற்றுவதே வழக்கம், மறுபடி வண்டி திரும்பி வராது என்பதற்காக. ஆனால் எது போயிருக்கிறது என்று சோதிக்காமல் விலை சொல்வது தவறு. அந்தத் தவறுக்கான பணத்தை நாம் கொடுக்கக் கூடாது. எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. அப்பா ஓய்வூதியத்தில் வாழ்கிறவர், அவர் மட்டும் போயிருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பார்.

சர்வீஸ் அட்வைசரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாகம் போயிருக்கிறது, அதை எப்படிச் சோதித்தீர்கள், அந்தப் பாகத்தின் பார்ட் நம்பர் என்ன? மூன்றாவது கேள்விக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரெசிஸ்டர் தனியா வராது, முழு செட்டாத்தான் வரும்னு சொல்றாங்களே?

சில மாடல்களில் உண்மை. பல மாடல்களில் இல்லை. பார்ட் நம்பர் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அதை வைத்து கம்பெனியின் சொந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலோ, சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளிலோ விசாரித்துவிடலாம். போனிலேயே சொல்லிவிடுவார்கள்.

டேஷ்போர்டு முழுசா கழட்டணுமாம், அதான் லேபர் ஜாஸ்தியாம். அப்படியா?

கூலிங் காயில் மாற்ற வேண்டுமென்றால் பல கார்களில் டேஷ்போர்டு இறங்கத்தான் வேண்டும். அது ஒரு நாள் வேலை, கூலியும் நியாயம். ப்ளோயர் மோட்டாருக்கும் ரெசிஸ்டருக்கும் பெரும்பாலான சின்னக் கார்களில் கிளவ் பாக்ஸை இறக்கினால் போதும். உங்கள் மாடலில் எப்படி என்று வெளியில் ஒரு ஏசி கடையில் கேட்டுக்கொண்டு போங்கள்.

எனக்குப் போட்ட "ஏசி கிளீனிங்" மாதிரி எஸ்டிமேட்டில் ஒட்டிக்கொண்டு வரும் கூடுதல் வேலைகளையும் பாருங்கள். நுரை அடிப்பது, வாசனை மருந்து, கிருமி நீக்கம். நீங்கள் கேட்காதது என்றால் எஸ்டிமேட்டிலிருந்து நீக்கச் சொல்லலாம். எதையும் கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்று இல்லை.

பில்லுல பார்ட்ஸ் விலைக்கு மேல ஜிஎஸ்டி தனியா போட்டிருக்காங்க. சரியா?

எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. பில்லில் அதைப் பிரித்து, அடிப்படை விலை இவ்வளவு, வரி இவ்வளவு என்று காட்டுவது முறைதான். இரண்டையும் கூட்டினால் பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம்தான் வரி, அதற்கு முன்பு பலவற்றுக்கு 28. லேபருக்கும் 18. ஆக எம்ஆர்பி 1,180 என்றால் பில்லில் 1,000 அடிப்படை, 180 வரி என்று வர வேண்டும். 1,180-க்கு மேல் இன்னொரு 18 சதவீதம் ஏறியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். காலி பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதில்தான் இருக்கும்.

வெளிக்கடையில கொடுத்தா வாரண்டி மொத்தமா போயிடும்னு பயமுறுத்துறாங்க.

வாரண்டி இருக்கும்போது ப்ளோயர் போனால் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. வாரண்டி புத்தகத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். மோட்டாரும் ரெசிஸ்டரும் பொதுவாக அதில் அடங்கும். ஃபில்டர் மாதிரித் தேயும் பொருள் அடங்காது. எலி கடித்ததும் அடங்காது. ஆனால் காப்பீட்டில் கேட்டுப் பாருங்கள், பாலிசியைப் பொறுத்துச் சிலருக்குக் கிடைத்திருக்கிறது.

வெளியே கொடுத்ததற்காக மட்டும் மொத்த வாரண்டியும் போகும் என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிக்கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். வெளிக்கடை வேலையால் வந்த சேதத்துக்கு கம்பெனி பொறுப்பேற்காது, அதுவும் நியாயம்தான். வயரை வெட்டி ஒட்டும் வேலையை வாரண்டி காலத்தில் யாரையும் செய்யவிடாதீர்கள்.

லோக்கல் ரெசிஸ்டர் 200 ரூபாய்க்குக் கிடைக்குது. சென்னை புதுப்பேட்டையில பழைய பார்ட்ஸும் இருக்கு. போடலாமா?

ரெசிஸ்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன வெப்ப ஃபியூஸ் மலிவுச் சரக்கில் சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அது அறுந்துபோக வேண்டிய நேரத்தில் அறுந்தால்தான் வண்டிக்குப் பாதுகாப்பு. கம்பெனி ஸ்பேர் வாங்குங்கள். அல்லது உங்கள் காருக்கு ஏசியே செய்து கொடுக்கும் சுப்ரோஸ், டென்சோ, வேலியோ மாதிரித் தயாரிப்பாளரின் பாக்கெட்டில் வருவதை வாங்குங்கள்.

மோட்டார் பழசு வாங்கலாம், கடையிலேயே பேட்டரியில் மாட்டி ஓடவிட்டுக் காட்டினால். புஷ் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள், தண்டை ஆட்டிப் பாருங்கள். புதுப் பாகம் விற்பனைக்கு வராத பழைய மாடல் வைத்திருப்பவர்களுக்கு அதைவிட்டால் வழியும் இல்லை.

நானே மாத்த முடியுமா?

ஃபில்டரை எல்லோரும் மாற்றலாம், பத்து நிமிட வேலை. காற்றுத் திசை காட்டும் அம்புக்குறியை மட்டும் கவனித்துப் போடுங்கள். கைப்பழக்கம் உள்ளவர்கள் ரெசிஸ்டரையும் மாற்றலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, பிறகு கிளவ் பாக்ஸை இறக்குங்கள். ஓடிய உடனே தொட்டால் ரெசிஸ்டர் சுட்டுவிடும், ஆறட்டும். கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்திப் பிடுங்குங்கள்.

மஞ்சள் நிறக் கப்ளர் எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள். அது ஏர்பேக். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் கிளவ் பாக்ஸுக்கு நேர் மேலேதான் இருக்கிறது. கேஸ் குழாயையும் வீட்டில் கழற்றக் கூடாது. அழுத்தத்தோடு வெளியேறும் கேஸ் தோலை உறையவைத்துப் புண்ணாக்கிவிடும்.

சரி பண்ணி ஒரு மாசம்கூட ஆகல, ரெசிஸ்டர் மறுபடி போச்சு. டூப்ளிகேட் போட்டுட்டாங்களா?

அப்படியும் இருக்கலாம். ஆனால் மூலகாரணத்தை விட்டுவிட்டார்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். நான்காவது கேள்வியில் சொன்ன இரண்டு காரணத்தையும் பாருங்கள். ஃபில்டர் சுத்தமா? மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? கிளாம்ப் மீட்டர் வைத்துள்ள ஏசி கடையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். கப்ளருக்குள் பித்தளை முனை நிறம் மாறி, பிளாஸ்டிக் பழுத்திருந்தால் கப்ளரையும் சேர்த்து மாற்ற வேண்டும். தளர்ந்த முனை சூடாகி, புது ரெசிஸ்டரையும் கொன்றுவிடும். ஃபில்டரும் கப்ளரும் சரியாக இருந்தும் ரெசிஸ்டர் இரண்டாவது முறை போனால், மோட்டாரை மாற்றச் சொல்லும் கடைக்காரர் சரியாகத்தான் சொல்கிறார்.

பில் கட்டி வண்டிய எடுத்துட்டேன். இப்போ ஏமாந்துட்டேன்னு தோணுது. ஏதாவது பண்ண முடியுமா?

முடியும். முதலில் சர்வீஸ் மேனேஜருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். எந்தத் தேதி, ஜாப் கார்டு எண், என்ன குறை சொல்லி விட்டீர்கள், என்ன மாற்றினார்கள், இப்போது என்ன நிலை. அதையே கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு அதிலேயே லேபர் பணம் திரும்பியது.

நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவே மனு கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் கையில் பொருள் வேண்டும். வண்டியை விடும்போதே "கழற்றிய பழைய பாகம் எனக்கு வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லிவிடுங்கள். வாரண்டியில் இலவசமாக மாற்றிய பாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்து மாற்றியது உங்களுடையது. அதை வாங்கி, பார்ட் நம்பர் தெரியும்படி ஒரு படம், கருகிய இடம் தெரியும்படி ஒரு படம் எடுத்து, பில்லோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். கருகல் எதுவும் இல்லாமல் பழைய மோட்டார் பளபளவென்று இருந்தால், வீட்டுக்குக் கொண்டுவந்து 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி, ஓடுவதைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.